வாசகர் கேள்வி–பதில்: முதியோர் இல்லத்தில் பாடப் போகிறவர்களுக்கு

முதியோர் இல்லங்களில் நேரில் போய்ப் பாடுவது, வாசிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இல்லங்களில் தொடர்ந்து பாடும் இசைக்கலைஞர் ஒருவரும் முதியோர் செவிலியர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர்: வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம். ஒரு முதியோர் இல்லத்தில் நாற்பது பேருக்கு மாலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கச்சேரி செய்யக் கேட்டிருக்கிறார்கள். தொடக்கப் பாட்டான வர்ணம் முதல் முடிவுப் பாட்டான மங்களம் வரை வழக்கமான வரிசையிலேயே போகலாமா?
– ஸ்ரீரங்கம் வாசகி

பதில்: பாட்டு வரிசை இருக்கட்டும், முதலில் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மாலை ஆறு மணி என்றால் பல இல்லங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் நடக்கும், மாத்திரை கொடுப்பார்கள், பகல் வேலைக்காரர்கள் கிளம்பி இரவு வேலைக்காரர்கள் வருவார்கள். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு அந்தி சாயும்போதுதான் குழப்பமும் பதற்றமும் கூடும். காலை பத்தரை மணி நல்ல நேரம். அது முடியாவிட்டால் மத்தியானத் தூக்கமும் காபியும் முடிந்த நாலு மணி. காலையில் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அடுத்த சில மணி நேரம் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். அவர்களைக் கழிப்பறைக்குப் போகும் வழியோரமாக உட்கார வைக்கும்படி செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். நடுவரிசையில் சிக்கிக்கொண்டால், எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு காதில் ஏறாது.

நாற்பது பேரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு முக்கால் மணி நேரம், இருபது நிமிஷம் ஓய்வு, அடுத்த இருபது பேருக்கு முக்கால் மணி நேரம். உங்கள் இரண்டு மணிக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்துவிடும். மறதி நோய் முற்றியவர்கள் இருந்தால் அவர்களை எட்டுப் பத்து பேராகத் தனியே வைத்து அரை மணி நேரத்தோடு நிறுத்துவது நல்லது.

நாற்காலிகளைப் பிறை வடிவில் போடுங்கள், அதிகம் போனால் இரண்டு வரிசை. முன்வரிசைக்கும் உங்களுக்கும் ஒன்றரை, இரண்டு மீட்டர் இருந்தால் போதும். சக்கர நாற்காலிகளைக் கடைசியில் நிறுத்துவது பல இல்லங்களில் உள்ள பழக்கம். தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் எழுந்து முன்னால் வர முடியாதவர்களைத்தானே முன்னால் வைக்க வேண்டும்? சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டர் வழி விட்டு முன்வரிசையிலேயே இடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள் உட்காரக் கூடாது. பின்னால் வெளிச்சம் இருந்தால் உங்கள் முகம் நிழலாகத் தெரியும். காது மந்தமானவர்கள் பாதிப் பாட்டை உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

கச்சேரிக்காரர்கள் தரையில் ஜமக்காளம் விரித்து உட்காருவது வழக்கம். நாற்காலியில் இருக்கும் முதியவர் அப்போது முக்கால் மணி நேரமும் கழுத்தைக் குனிந்தே பார்க்க வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டிலோ திவானோ இருந்தால் அதன்மேல் உட்காருங்கள். மிருதங்கக்காரருக்கும் அதுவே சௌகரியம்.

இனி வரிசை. முக்கால் மணி நேரத்துக்கு எட்டுப் பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிஷம். மிச்சமுள்ள கால் மணி நேரம் பேச்சுக்கும் மௌனத்துக்கும். அந்த மௌனத்தை நிரப்பிவிடாதீர்கள். ஒரு பாட்டு முடிந்து இருபது, முப்பது விநாடி கழித்துத்தான் சிலர் வாய் திறப்பார்கள். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டால் அவர் சொல்ல வந்தது போயிற்று. எல்லோருக்கும் தெரிந்த, நிதானமான ஒரு பாட்டில் தொடங்குங்கள், வர்ணம் வேண்டாம். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் இரண்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம்.

இதற்காகக் குழந்தைகளுக்குப் பாடுவதுபோல் இறக்கிவிடவும் கூடாது. கூட்டத்தில் ஒருவராவது தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பை நீங்கள் தவறவிடுகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காகக் கல்யாணி ராகத்திலோ மோகனத்திலோ மூன்று நிமிஷம் வரிகள் இல்லாமல் ஆலாபனை செய்யுங்கள், தெரியாதவர்களும் ரசிப்பார்கள். ‘சூப்பர் பாட்டி!’ என்று கை தட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாதவர் ‘தாத்தா’, ‘பாட்டி’ என்பதைப் பலர் விரும்புவதில்லை. ஐயா, அம்மா போதும். தலைமையாசிரியராக இருந்தவரை இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கும். இதைப் பணியாளரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் நல்ல ஒலிபெருக்கி இருக்கிறது. பாட்டு நடக்கும்போது பாதிப் பேர் ‘கேட்கவில்லை’ என்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் அதே ஆட்கள் காதைப் பொத்துகிறார்கள். என்ன செய்வது?
– மதுரை, இல்லப் பொறுப்பாளர்

பதில்: இரண்டும் உண்மைதான், அவர்கள் வம்பு செய்யவில்லை. வயதாகிக் காது மங்கும்போது மெல்லிய சத்தம் கேட்காமல் போகும். ஆனால் ‘இதற்கு மேல் தாங்காது’ என்னும் எல்லை அதே அளவுக்கு உயராது. கேட்கும் சத்தத்துக்கும் வலிக்கும் சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால்தான் ஒலிபெருக்கியைத் திருகினால் ‘கேட்கவில்லை’ என்பது நேரே ‘வலிக்கிறது’ என்று தாவுகிறது. மேலும் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். ச, ஸ, ப, த போன்ற மெய்கள் கரைந்துபோய் உயிரோசை மட்டும் மிஞ்சும். சத்தத்தைக் கூட்டினால் தெளிவு கூடாது.

அறையைச் சரிசெய்யுங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் இருந்தால் எதிரொலி பாட்டைக் குழப்பும். இரண்டு ஜமக்காளம் விரித்து, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பாடுபவருக்கு எதிர்ச்சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் உடனே வித்தியாசம் தெரியும். ஜமக்காளத்தின் ஓரம் நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, தடுக்கி விழுவார்கள். மின்விசிறியை நிறுத்த முடியாத வெயில் என்றால் வேகத்தைக் குறையுங்கள். டிவியை அணையுங்கள், சத்தத்தை மட்டும் குறைத்தால் போதாது. சமையலறையில் மிக்ஸி ஓடும் நேரத்தைச் சமையற்காரரிடம் பேசி ஒத்திப்போடுங்கள்.

பதினைந்து, இருபது பேர் என்றால் மைக்கே தேவையில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதே நல்ல ஒலிபெருக்கி. கேட்பவர் காதருகே 65 முதல் 75 டெசிபல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலியிலேயே தோராயமாக அளந்துவிடலாம். வீணைக்கு மட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று உதவும். அதையும் கேட்பவர்களின் காது உயரத்தில் வையுங்கள்.

காது கேட்கும் கருவி தனிக்கதை. அது பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. நீண்டு நிற்கும் புல்லாங்குழல் ஸ்வரத்தையும் சுருதிப்பெட்டியின் ரீங்காரத்தையும் தன்னுடைய ‘கீ’ச்சொலி என்று நினைத்து அடக்கப் பார்க்கும், கேட்பவருக்கு ஸ்வரம் நடுங்குவதுபோல இருக்கும். பல டிஜிட்டல் கருவிகளில் இசைக்கென்று தனி நிரல் உண்டு. குடும்பத்தாரிடம் சொல்லி, கருவி விற்ற நிலையத்தில் அதைப் போட்டு வாங்கச் சொல்லுங்கள். இதையெல்லாம்விடச் சாதாரணமான காரணம் பேட்டரி தீர்ந்திருப்பது. பொத்தான் போன்ற சின்னப் பேட்டரி ஒரு வாரம், கொஞ்சம் கூட வரும். பாட்டு நாளன்று காலையில் எல்லாக் கருவிகளையும் பார்க்கிற வேலையை ஒருவருக்குக் கொடுங்கள். புதுப் பேட்டரியின் ஒட்டுக் காகிதத்தை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும்.

கேள்வி: எழுபது முதல் தொண்ணூறு வயது வரை கலந்திருக்கிறார்கள். எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது? பக்திப் பாட்டு என்றால் எல்லோருக்கும் பிடிக்கும்தானே?
– கோவை வாசகர்

பதில்: பிடிக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முதியோர் என்றாலே பஜனைதான் என்று முடிவுகட்டி, வருகிற ஒவ்வொரு குழுவும் அதே நாலு நாமாவளியைப் பாடிவிட்டுப் போவதுண்டு. இளவயதில் கொட்டகையில் விசிலடித்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுத்தான் ஆழமாக நிற்கும் என்பது பொதுவான கணக்கு. பிறந்த ஆண்டோடு 10-ஐயும் 30-ஐயும் கூட்டிப் பாருங்கள். 1938-ல் பிறந்தவருக்கு 1948 முதல் 1968 வரை. 1956-ல் பிறந்தவருக்கு 1966 முதல் 1986 வரை. இளையராஜா வந்தது 1976-ல். முதலாமவருக்கு அப்போது 38 வயது, அது அவருடைய பிள்ளைகளின் பாட்டு. இரண்டாமவருக்கு அதுதான் கல்யாண வயதுப் பாட்டு. ஒரே அறையில் இருவரும் இருப்பதால் எட்டில் மூன்று அவருக்கு, மூன்று இவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது மக்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். விவித் பாரதி வந்தது 1957-ல். ஆகவே 85 வயதுக்காரரிடம் ‘எந்தப் படம் பிடிக்கும்?’ என்பதைவிட ‘உங்கள் தெருவில் யார் வீட்டில் ரேடியோ இருந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானே வரும், பாட்டும் அதிலிருந்து கிடைக்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு, வளர்ந்த ஊர், வீட்டில் பேசிய மொழி, மதம், செய்த தொழில், பிடித்த பாட்டு, பாடவே கூடாத பாட்டு. கடைசி வரிதான் முக்கியம். அதைக் குடும்பத்தாரிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டு மொழியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். தெலுங்கு, சௌராஷ்டிரம், மலையாளம், உருது பேசி வளர்ந்தவர்கள் வாழ்நாளெல்லாம் தமிழில் புழங்கியிருந்தாலும், மறதி நோய் கூடும்போது தாய்மொழிக்கே திரும்பிவிடுவதுண்டு. கிறிஸ்தவக் கீர்த்தனை ஒன்று, இஸ்லாமியப் பாடல் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

வயலில் வேலை செய்தவர்களிடம் நீங்கள் பாடாதீர்கள், கேளுங்கள். ‘உங்க ஊர்ல நடவுக்கு என்னம்மா பாடுவீங்க?’ நாட்டுப்பாட்டுகள் ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் அறிந்த முதல் அடியைப் பாடினால் ‘அப்படியில்லை’ என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்துக்காகவே தப்பாகவும் பாடலாம்.

கேள்வி: பாடுகிறேன், எல்லோரும் ஆசையாகப் பல்லவியைச் சேர்ந்து பாடுகிறார்கள், அடுத்த பகுதியான அனுபல்லவி வந்ததும் நின்றுவிடுகிறார்கள். வரி மறந்துவிடுகிறதா?
– சென்னை, பாட்டு ஆசிரியை

பதில்: பெரும்பாலும் வரி இல்லை, சுருதி. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும். நீங்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவராக இருப்பீர்கள். பெண்களுக்கு வயதாக ஆகக் குரல் இறங்கும். ஆண்களுக்குச் சற்று மேலே ஏறவும் செய்யும். ஐந்து கட்டையில் அனுபல்லவி மேல் ஸ்தாயியான தாரத்தின் காந்தாரத்தைத் தொட்டால் எண்பது வயது அம்மாவுக்கு அது எட்டாது. கூசிக்கொண்டு வாயை மூடிவிடுவார்.

மூன்று கட்டைக்கு இறங்குங்கள். அந்தச் சுருதியில் கீழ் ஸ்தாயியான மந்திரத்தில் ஆழமாக இறங்காத, தாரத்தில் காந்தாரத்தைத் தாண்டாத பாட்டாகத் தேர்ந்தெடுத்தால் ஆண்கள், பெண்கள் இரு சாராரும் சேர்ந்து பாட முடியும். கீழ் ஸ்வரங்களில் உங்களுக்குக் காற்றுத்தான் வரும், பாட்டு சோபிக்காது. சேர்ந்து பாடும்போது அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியில் நீங்கள் மட்டும் பாடும் இரண்டு பாட்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். சுருதியை மாற்றும்போது அரை நிமிஷம் சுருதிப்பெட்டியை மட்டும் ஓடவிடுங்கள்.

காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், குறைய வேண்டும். நிமிஷத்துக்கு 60 முதல் 80 தட்டு. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன் முழு மூச்சு எடுக்க இடம் விடுங்கள். அவர்களுக்கு ஒரு வரிக்கே இரண்டு மூச்சு வேண்டியிருக்கும்.

வரிகளை அச்சடித்துக் கொடுப்பதானால் 24 புள்ளிக்குக் குறையாத எழுத்து, ஒரு தாளுக்கு ஒரு பாட்டு, வெளிர் மஞ்சள் தாளில் கறுப்பு மை. பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சம் அதில் அடித்து எழுத்தை மறைக்கும். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தாளே வேண்டாம். அதைச் சுருட்டுவதும் மடிப்பதுமாகவே நேரம் போய்விடும்.

கேள்வி: நாகஸ்வரம் வாசிக்கலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: அறைக்குள் வேண்டாம். நாகஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கும் கல்யாணப் பந்தலுக்கும் உரிய சத்தம். நான்கு சுவருக்குள் கருவி மாட்டிய காதுக்கு அது தண்டனை. முற்றத்திலோ தோட்டத்திலோ பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க, முதியவர்கள் வராந்தாவில் உட்காரட்டும். கூர்மையான திமிரியைவிட நீளமான பாரி நாயனம் காதுக்கு இதம். தவில் இல்லாமலே வாசிக்கலாம். வேண்டுமென்றால் மிருதங்கம் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் கேட்ட ராகங்கள் என்பதால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். கெட்டிமேளம் மட்டும் சொல்லாமல் அடிக்காதீர்கள், திடுக்கிட்டு எழப்போய் விழுந்துவிடுவார்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு மறதி நோய். இல்லத்தில் யாரோ தாலாட்டுப் பாடியபோது விம்மி அழுதார். ‘இனி அவரைப் பாட்டுக்கு அழைத்துப் போக மாட்டோம்’ என்கிறார்கள். அது சரியா?
– திருநெல்வேலி வாசகி

பதில்: அழுதார் என்பதற்காக மட்டும் நிறுத்துவது சரியில்லை. எப்படி அழுதார் என்று கேளுங்கள். கண்ணீர் வழிய, முகம் பாடகர் பக்கமே இருந்து, உதடு அசைந்துகொண்டிருந்தால் அவர் பாட்டைக் கேட்டு அழுகிறார். அதைத் தடுக்க வேண்டியதில்லை. பாடுகிறவர் நடுவில் நிறுத்திவிட்டு ‘அழாதீங்கம்மா’ என்றால் எல்லோருடைய கண்ணும் அவர்மேல் விழும். குரலைத் தாழ்த்தி அந்தப் பாட்டை முடித்து, அதே நிதானத்தில் இன்னொன்றைப் பாட வேண்டும். உடனே துள்ளல் பாட்டுக்குத் தாவக் கூடாது. பணியாளர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம்.

காதைப் பொத்துவது, புருவம் சுருங்குவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது, முன்னும் பின்னும் ஆடுவது, நாற்காலியை விட்டு எழ முயல்வது – இவை வேறு. சத்தமோ கூட்டமோ தாங்கவில்லை என்று அர்த்தம். அமைதியான அறைக்கு அழைத்துப் போய்விட வேண்டும். அடுத்த முறை கதவோரம் உட்கார வைத்து, பத்து நிமிஷம் மட்டும்.

தாலாட்டு எல்லோருக்கும் ஒன்றல்ல. குழந்தையைப் பறிகொடுத்தவருக்கு அது ஆறாத புண். அப்படி ஏதாவது இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன ‘பாடவே கூடாத பாட்டு’ என்னும் வரி இதற்குத்தான்.

கேள்வி: படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு எப்படிப் பாடுவது? கதவருகே நின்று பாடிவிட்டு வந்துவிடுகிறோம்.
– புதுச்சேரி, தன்னார்வக் குழு

பதில்: உள்ளே போங்கள். ஒரே ஒருவர். மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நின்றால் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்ததுபோல இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்காருங்கள். அது எந்தக் காது என்று செவிலியருக்குத் தெரியும். பெயரைச் சொல்லி, ‘ஒரு பாட்டுப் பாடட்டுமா?’ என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். தலை திரும்பினால், கண் திறந்தால், விரல் அசைந்தால் சம்மதம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் வேண்டாம் என்கிறார், வணங்கிவிட்டு வந்துவிடுங்கள்.

ஐந்து முதல் பத்து நிமிஷம், இரண்டு பாட்டு. மிருதங்கம், தாளம் எதுவும் வேண்டாம். மூச்சு வேகமாக இருந்தால் முதலில் அந்த வேகத்துக்கு ஒட்டி மெல்ல முனகித் தொடங்கி, வரிக்கு வரி நிதானத்துக்கு வாருங்கள். வார்த்தை இல்லாத முனகலே பல சமயம் போதும். கையைப் பிடிப்பதானால் உங்கள் கையை அவர் கைக்குக் கீழே வையுங்கள். விலக்கிக்கொள்ள அவருக்குச் சுலபம். முடிந்ததும் எழுந்து ஓடாமல் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள்.

கடைசி நாட்களில் இருப்பவர் என்றால் குடும்பத்தாரைக் கேட்காமல் பாட வேண்டாம். அறைக்கு அறை போகும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளியோ இருமலோ இருந்தால் அன்று போகவே வேண்டாம்.

கேள்வி: பள்ளி மாணவர்கள் அறுபது பேரை அழைத்துப் போக இருக்கிறோம். முதியவர்களுக்குத் தாளம் போட ஏதாவது செய்து கொடுக்கலாமா?
– ஈரோடு ஆசிரியர்

பதில்: அறுபது வேண்டாம், எட்டுப் பேர் போதும். எட்டு எட்டாக, வாரம் ஒரு குழு அனுப்புங்கள். அறுபது பிள்ளைகள் ஒரே நாளில் வந்தால் அது பிள்ளைகளின் நிகழ்ச்சி, முதியவர்கள் பார்வையாளர்கள்.

தாளத்துக்கு: 200 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு மேஜைக்கரண்டி உளுந்து. அரிசி போட்டால் சத்தம் கூர்மையாக இருக்கும், உளுந்து தணிவு. பாதிக்குமேல் நிரப்பினால் ஒலியே வராது, கனமும் கூடும். மூடியின் மரையில் பசை தடவி இறுக்கி, மேலே நாடா சுற்றுங்கள். மறதி நோய் உள்ளவர் திறந்து வாயில் போட்டுக்கொள்ளக்கூடும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. விரல் மடங்காதவர்களுக்கு இரண்டு அங்குல அகல எலாஸ்டிக் பட்டையில் நாலைந்து சலங்கைகளைத் தைத்து மணிக்கட்டில் மாட்டலாம்; நூலை இரட்டையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். தோல் மெலிந்தவர்களுக்குப் பட்டை இறுகக் கூடாது, ஒரு விரல் நுழைய வேண்டும். கோலாட்டக் கோல் 30 சென்டிமீட்டருக்கு வெட்டி, நுனியில் துணி சுற்றினால் உட்கார்ந்தபடியே தட்டலாம். பித்தளைத் தாளமும் ஜால்ராவும் வேண்டாம், காதுக் கருவிக்குள் ஊசி குத்தினாற்போல் இருக்கும். மரத்தாலான சிப்ளாக்கட்டை பரவாயில்லை, ஒருவரிடம் மட்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, கிருமிநாசினியால் துடைத்து வையுங்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டைப் பாடினால் உரிமைத்தொகை கட்ட வேண்டுமா? நிகழ்ச்சியை யூடியூபில் போடலாமா?
– சேலம் வாசகர்

பதில்: பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-வது பிரிவில் இரண்டு விலக்குகள் உங்களுக்குப் பொருந்தும். தொழில்முறை அல்லாத மன்றமோ சங்கமோ, கட்டணம் வாங்காமல் கேட்பவர்களுக்குப் பாடினால் அது மீறல் ஆகாது. குடியிருப்பவர்களின் பொதுக்கூடத்தில், பெரும்பாலும் அவர்களுக்காகவே, பதிவுசெய்த பாட்டைப் போடுவதும் அப்படியே. ஹோட்டல் போன்ற வணிக இடங்களுக்கு இது கிடையாது. சம்பளத்துக்கு வரும் மெல்லிசைக் குழு முதல் விலக்கில் அடங்காது. அதற்கு உரிமம் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த படைப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை, ஆகவே தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் தாராளம்.

யூடியூப் வேறு. அங்கே இந்த விலக்குகள் உதவாது. அதைவிடப் பெரிய விஷயம், படத்தில் இருப்பவர்களின் சம்மதம். மறதி நோய் உள்ளவர் கேமராவைப் பார்த்துச் சிரிப்பது சம்மதம் ஆகாது. பாடுபவரை மட்டும் எடுங்கள். எடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. கைபேசியைத் தூக்கிப் பிடித்த பணியாளரால் யாரையும் கவனிக்க முடியாது.

கேள்வி: வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்குப் பெரிய கச்சேரி வைக்கிறோம். இதனால் உண்மையில் பலன் உண்டா, வெறும் பொழுதுபோக்கா?
– விழுப்புரம், அறக்கட்டளை உறுப்பினர்

பதில்: பொழுதுபோக்கு என்றாலும் குறைந்துபோகவில்லை. ஆனால் பலன் என்று கேட்டால், தடவைதான் கணக்கு. மறதி நோய் உள்ளவர்களுக்கான இசைச் சிகிச்சை பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, குறைந்தது ஐந்து அமர்வுகள் நடந்த ஆய்வுகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. மனச்சோர்வு குறையவும் நடத்தைச் சிக்கல்கள் பொதுவாகத் தணியவும் வாய்ப்பு உண்டு என்றது. நினைவாற்றலில் பெரிய மாற்றம் இல்லை. கோபமும் ஆவேசமும் பெரிதாகக் குறையவில்லை. ‘பாட்டுக் கேட்டால் ஞாபகம் திரும்பும்’ என்று குடும்பத்தாரிடம் சொல்லாதீர்கள்.

பிரிட்டனில் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1977-ல் தொடங்கிவைத்த ‘லைவ் மியூசிக் நவ்’ அமைப்பு, இளம் கலைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊதியமும் கொடுத்து, இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்புகிறது. அந்த ‘ஊதியமும்’ நமக்கு உறைக்க வேண்டும். இங்கே கலைஞரைச் சேவை என்று சொல்லிக் கூப்பிட்டு, ஆட்டோச் செலவையும் அவர் தலையில் கட்டுகிறோம். இரண்டாவது முறை அவர் வராததில் வியப்பில்லை.

பொங்கல் கச்சேரியின் மேடை, பந்தல், ஒலிபெருக்கி வாடகையைக் கூட்டிப் பாருங்கள். அதே பணத்தில் ஒரு பாடகரையும் ஒரு வீணைக்காரரையும் மாதம் இரண்டு தடவை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அறைக்கு வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். முகம் பழகினால்தான் வாய் திறக்கும். ஐந்து முதியவருக்கு ஒரு பணியாளர் கூடவே உட்கார வேண்டும். இப்போது பல இல்லங்களில் தமிழ் தெரியாத வெளிமாநிலப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பல்லவியைக் கற்றுக்கொடுத்துவிட்டால், பாடகர் வராத நாளிலும் குளிப்பாட்டும்போது அந்தப் பாட்டு ஓடும்.

ஒரு நோட்டில், ஒவ்வொருவருக்கும் பாட்டுக்கு முன் எப்படி இருந்தார், நடுவில் என்ன செய்தார், அரை மணி கழித்து எப்படி இருக்கிறார், அன்று எப்படிச் சாப்பிட்டார், தூங்கினார் என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்து தடவைக்குப் பிறகு யாருக்கு எந்தப் பாட்டு ஒத்துவருகிறது, யாருக்குப் பாட்டே வேண்டாம் என்று தெரியும். வேண்டாம் என்பவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. பாட்டு மட்டும் வார்த்தையோடு வருகிறது. அதை வைத்துப் பேச்சைக் கொண்டுவர முடியுமா?
– திருச்சி வாசகி

பதில்: பேச்சை நடத்தும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கம். அங்கே அடிபட்டால் பேச்சு போனாலும் மனப்பாடமான பாட்டு வரிகள் மிஞ்சுவதுண்டு. இதை அடிப்படையாக வைத்து 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். அன்றாடச் சொற்றொடர் ஒன்றை மேல், கீழ் என்று இரண்டு ஸ்வரத்தில் இழுத்துப் பாடி, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். ‘தண்-ணி-வே-ணும்’ என்றால் நாலு தட்டு. முதலில் இருவரும் சேர்ந்து, பிறகு நீங்கள் பாதியில் விட அவர் முடிக்க, கடைசியில் ராகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பேச்சாக்குவது. வெறுமனே பழைய பாட்டைச் சேர்ந்து பாடினால் இது நடக்காது. எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு முறை காட்டி, அப்பாவுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அவர் பாடுகிற பாட்டில் கடைசிச் சொல்லை மட்டும் நீங்கள் பாடாமல் விட்டுப் பாருங்கள்.